அடி ஓரத்துச் சொல்

1

ஷார்ஜாவுக்கு வந்து இந்த மாதத்தோடு பத்து வருஷம் முடிகிறது. ஊரில் இதைச் சொன்னால் மரியாதையாகப் பார்ப்பார்கள். இங்கே பத்து வருஷம் என்பதற்கு விசா புதுப்பிக்கும் வரிசையில் இன்னொரு தடவை நிற்கவேண்டும் என்பதைத் தவிர வேறு அர்த்தம் கிடையாது. இந்தத் தடவை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர், என் தொழிலைப் படித்துவிட்டு, "பழைய புத்தகம் பழுது பார்ப்பவர்" என்று ஒரு தொழில் தன் கம்ப்யூட்டரில் இல்லை என்றார். கொஞ்சம் தேடிவிட்டு, ஏ.சி. மெக்கானிக் இருக்கிறது, போடட்டுமா என்று அன்பாகவே கேட்டார். நான் மெக்கானிக் இல்லை என்பதற்கு ஊரில் பார்த்த முதல் வேலையின் அனுபவச் சான்றிதழைக் கொண்டுவரச் சொன்னார்.

அதோடு விட்டாரா, இல்லை. எங்கள் வீட்டு பாஸ்போர்ட்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, நாங்கள் ஒரே குடும்பம்தானா என்று சந்தேகப்பட்டார். நான் பிறந்தது திருச்சி மாவட்டம். மகள் கயல் பிறந்தது பெரம்பலூர் மாவட்டம். மகன் இனியன் பிறந்தது அரியலூர் மாவட்டம். மூன்று பேரும் பிறந்தது அரியலூரில் ஒரே ஆஸ்பத்திரி. இனியன் பிறந்த அடுத்த வருஷமே அரியலூரைத் திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள், இப்போது மறுபடி பிரிக்கப் போவதாகப் பேச்சு. இதையெல்லாம் அரபியில் விளக்க எனக்கு வாய் போதாது. எங்கள் ஊர் அங்கேயேதான் இருக்கிறது சார், மாவட்டம்தான் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று இந்தியில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அலமாரி மேலிருந்த ஃபைலை இறக்கினேன். சான்றிதழ் இருந்தது. "பழைய நூல்களைப் புத்தம் புதியதாக்குவதில் கைதேர்ந்தவர்" என்று முதலாளி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். கூடவே குண்டூசியால் குத்திய இரண்டு போட்டோ. ஒன்றின் பின்னால் "பழசு" என்றும் மற்றதின் பின்னால் "புதுசு" என்றும் அவர் கையாலேயே எழுதியிருந்தார்.

அந்த இரண்டு போட்டோவைக் காட்டித்தான் சென்னையில் எனக்கு இந்த நாட்டு வேலை கிடைத்தது. பிள்ளைகள் சாப்பிடுகிற சோறு, குடியிருக்கிற இரண்டு அறை, ஊரில் தம்பி கட்டிய வீடு எல்லாம் அதிலிருந்து வந்ததுதான். அந்தப் போட்டோவில் இருக்கும் புத்தகத்தை நான் கெடுத்தேன். ஒரு பெண் தன் பிள்ளைகளுக்காக வருஷக்கணக்கில் செய்துவந்த காரியம் என்னால் பாதியில் அறுந்தது. இதை என் மனைவி சாந்திக்கும், கூட வேலை பார்க்கும் ஒரு நண்பருக்கும், ரொம்ப நாள் கழித்து அந்தப் பெண்ணுக்கும் தவிர யாருக்கும் சொன்னதில்லை.

2

எனக்குச் சொந்த ஊர் கல்லங்குறிச்சி. தொண்ணூற்றாறில் அரியலூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் அச்சகத்தில் பைண்டராக இருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பள்ளிக்கூடப் பரீட்சைத் தாள், பெருமாள் கோயில் தேருக்கு நோட்டீஸ் என்று எல்லாம் வரும். என் பங்கு, ஆபீஸ்களிலிருந்து வரும் ரிஜிஸ்டர்களுக்கும் நூலகத்துப் பழைய புத்தகங்களுக்கும் அட்டை கட்டுவது. நன்றாகவே கட்டுவேன். அந்தத் திமிர் எனக்கு இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

சித்திரை மாதம் ஒரு நாள் மெஹர் அக்கா வந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். முகம் தெரியாதவர்களுக்கும் அவர் குரல் தெரியும். டிரங்க் கால் காலத்தில் அரியலூரில் நல்லது கெட்டது எல்லாம் அந்தக் குரல் வழியாகத்தான் வந்தது. வீட்டில் உருது பேசுவார்கள், வெளியே எங்களைப் போலவே பேசுவார். தகப்பனாரை அவர் பாவா என்பார். அந்த பாவா ஒரு பெரிய வீட்டில் பாரசீகத்திலும் உருதுவிலும் கடிதம் எழுதும் வேலையில் இருந்தவராம், காலமாகிவிட்டார். அவர் வைத்திருந்த கையெழுத்துப் புத்தகம் ஒன்றை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

பாரசீக மொழியில் பாட்டாக எழுதிய ஒரு கதை. அரசன் ஒருவன் தூர தேசத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து அனுப்புகிறான். கொண்டுபோகிற ஆள்தான் கதாநாயகன். மெஹர் அக்கா அவனைத் தபால்காரன் என்றே சொல்வார். அவருக்கு இரண்டு பெண்கள், தமிழில் படித்தவர்கள், உருது எழுத்துத் தெரியாது. தாத்தா வைத்திருந்த கதை பேத்திகளுக்கு இல்லாமல் போகக்கூடாது என்று, எக்ஸ்சேஞ்சில் போன் வராத மத்தியான நேரங்களில் அகராதியும் கையுமாக உட்கார்ந்து, அதைத் தமிழில் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவந்தார். நாலு நோட்டு முடிந்திருந்தது. தபால்காரன் பாதி தூரம் போய்விட்டான், மீதியை எழுதவேண்டும், ஆனால் புரட்டப் புரட்ட நூல் விட்டுத் தாள் கழன்று வருகிறது, அதனால் கட்டித் தரவேண்டும் என்றார்.

நான் துணியை விரித்தேன். அப்படி ஒரு தாளை அதற்கு முன்னால் தொட்டதில்லை. கனமாக, சங்கால் தேய்த்த மாதிரி வழவழவென்று இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் நீலமும் பொன்னுமாகக் கட்டம். கட்டத்துக்குள் நடுவே ஒரு பொன் கோடு, இந்தப் பக்கம் அரை அடி, அந்தப் பக்கம் அரை அடி. எழுத்துகள் வலப்பக்கம் உயரத்தில் தொடங்கி இடப்பக்கம் சரிந்து இறங்கின. சில பக்கத்தில் பாட்டை மூலைவாட்டில் சாய்த்து எழுதியிருந்தார்கள். அத்தியாயத் தலைப்புகள் சிவப்பு மையில். ஒன்பது படங்கள். பக்க எண் எங்கேயும் கிடையாது. ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும், கட்டத்துக்கு வெளியே, கீழே இடது மூலையில் ஒரே ஒரு பொடிச் சொல் தன்னந்தனியாக இருந்தது. எழுதியவர் பேனாவைச் சோதித்துப் பார்த்திருப்பார் என்று நினைத்தேன்.

மெஹர் அக்கா வலப்பக்கமிருந்து திறக்கிற மாதிரி கட்டச் சொன்னார், எழுத்தின் மேல் பசை படக்கூடாது என்றார். படியிறங்கப் போனவர் திரும்பி நின்றார்.

"ஓரத்துல மட்டும் கை வச்சிராதீங்க தம்பி. வெட்டாம கட்டிக் குடுங்க."

சரிங்கக்கா என்றேன். ஏன் என்று கேட்கவில்லை.

3

முதலில் கிழிசல்களைச் சரிசெய்தேன். மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை. பூச்சி அரித்த ஓட்டைகள் நிறைய இருந்தன, ஒவ்வொன்றையும் மெல்லிய தாள் வைத்து அடைத்தேன். தேடினாலும் தெரியாத மாதிரி அடைத்தேன். பிறகு ஒவ்வொரு தாளாக மாடி ஹாலில் தரை முழுக்கப் பரப்பிக் காயவைத்தேன். வரிசை மாறக்கூடாது என்று மூலையிலிருந்து ஒழுங்காகத்தான் பரப்பினேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் கோடை மழை அடித்தது. ஜன்னல் திறந்திருந்தது. நான் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஓடிப்போய்ப் பார்த்தபோது தாள்கள் எல்லாம் ஒரு சுவரோரம் ஒதுங்கிக் கிடந்தன. நனையவில்லை என்பதில் எனக்கு உயிர் வந்தது. அள்ளி எடுத்து அடுக்கினேன்.

அடுக்கும்போதுதான் வரிசை போய்விட்டதே என்று ஒரு நிமிஷம் பயந்தேன். அப்புறம் எனக்கு நானே ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன். எழுதினவனே எண் போடவில்லை, அப்படியானால் வரிசை அவ்வளவு முக்கியமில்லை. பாட்டுப் புத்தகம்தானே, எந்தப் பாட்டை முதலில் பாடினால் என்ன. எல்லாப் பக்கமும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருந்தது. படங்கள் மட்டும் சில இடத்தில் இரண்டு மூன்று சேர்ந்தும் சில இடத்தில் இல்லாமலும் இருந்தால் பார்க்க நன்றாக இருக்காது என்று, கல்யாண ஆல்பம் போடுகிற மாதிரி சம இடைவெளி விட்டு ஒன்பதையும் செருகினேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட.

தைத்து முடித்தபோது முதலாளி வந்து பார்த்தார். ஓரங்கள் ஏறியும் இறங்கியும் இருந்தன. தலை வாராத பிள்ளை மாதிரி இருக்கிறது, ஒரு வெட்டு விடு என்றார். வெட்டவேண்டாம் என்று மெஹர் அக்கா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அதை முதலாளியிடம் சொல்லியிருக்கலாம், சொன்னால் கேட்கிற மனுஷர்தான். ஆனால் எனக்கும் அது பளிச்சென்று இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அக்கா பார்த்தால் அவரே ஒத்துக்கொள்வார் என்று நினைத்தேன். மெஷினில் வைத்து மூன்று ஓரமும் வெட்டினேன். நாடா நாடாவாகக் கீழே விழுந்தது. அடி ஓரத்து நாடாவில் அந்தப் பொடிச் சொற்கள் எல்லாம் இருந்தன. மறுநாள் பசை காய்ச்சும்போது அவற்றை அடுப்பில் போட்டதும் நான்தான்.

கடையில் மாட்டுவதற்காக முதலாளி ஸ்டூடியோக்காரரை வைத்து, வேலை தொடங்கும் முன்பே ஒரு போட்டோ எடுத்திருந்தார். முடிந்ததும் இன்னொன்று எடுத்தார். மெஹர் அக்கா வாங்க வந்தபோது நானும் முதலாளியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். சிவப்புக் காலிகோத் துணியில் பொன் கோடு போட்ட அட்டை. அவர் திறந்தார். நாலைந்து தாள் புரட்டினார். ஒரு பக்கத்தின் அடியில் இடது மூலையைக் கட்டைவிரலால் தடவினார். இன்னொரு பக்கத்திலும் தடவினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது.

"வூட்டுல இப்ப எத்தனாவது மாசம் தம்பி?" என்று கேட்டார். சாந்தி அப்போது கயலைச் சுமந்துகொண்டிருந்தாள். ஏழு என்றேன். புத்தகத்தை அதே துணியில் சுற்றிக்கொண்டு, அழகாக இருக்கிறது என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுப் போனார். பிரமித்துப் போய்விட்டார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

4

இங்கே வந்து முதல் ஆறு வருஷம் ஒரு பைண்டிங் கடையில் கழிந்தது. பிறகு, கையெழுத்துப் பிரதிகளைச் செப்பனிடும் ஒரு கூடத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அங்கேதான் பஹ்ராம் பழக்கமானான். ஈரானில் ஷிராஸ்காரன், என் வயது. அவனுக்குக் கொஞ்சம் இந்தி, எனக்கு அதைவிடக் கொஞ்சம் இந்தி, இரண்டு பேருக்கும் அரைகுறை அரபி. மீதியைக் கையால் பேசிக்கொள்வோம். பாத்திரத்தில் பசை கொஞ்சம் மிஞ்சினாலும் கோபிப்பான், ஆனால் ஒரு தாளைத் திருப்ப அரை மணி நேரம் ஆனால் கோபிக்கமாட்டான்.

நான் சேர்ந்த முதல் வாரம், பழைய கதைப்பாட்டு ஒன்றைப் பிரிப்பதற்கு முன்னால் அவன் தாள்களைச் சரிபார்த்தான். ஒரு பக்கத்தின் அடியில், இடது மூலையில் இருந்த பொடிச் சொல்லின் மேல் விரல் வைத்தான். அடுத்த பக்கத்தின் முதல் சொல்லில் விரல் வைத்தான். இரண்டும் ஒரே சொல். அடுத்த தாள், மறுபடி அதே மாதிரி.  

அது எதற்கு என்று நானே கேட்டேன். பக்கத்துக்கு எண் போடுகிற வழக்கம் அந்தக் காலத்தில் இல்லையாம். அடுத்த தாளின் முதல் சொல்லை இந்தத் தாளின் அடியில் எழுதிவிடுவார்களாம். அதற்கு அவர்கள் வைத்த பேர் குதிரையின் அங்கவடி என்று அர்த்தம் தருமாம். அதில் கால் வைத்துத்தான் வாசிக்கிறவன் அடுத்த பக்கத்துக்கு ஏறுகிறான்.

எண் இல்லாவிட்டாலும் பாட்டை வைத்து வரிசை கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்டேன். பஹ்ராம் தலையை ஆட்டினான். இந்த மாதிரிக் கதைப்பாட்டில் ஒரு வரியின் இரண்டு பாதியும் தங்களுக்குள் ஒலி இயைந்து அங்கேயே முடிந்துவிடும், அடுத்த வரிக்கு வேறு ஒலி. அதனால்தான் புலவனால் ஆயிரக்கணக்கான வரி மூச்சு வாங்காமல் போக முடிகிறது. அதே காரணத்தால் ஒரு வரி இன்னொரு வரியின் கையைப் பிடித்திருக்காது. கதை ஒன்றுதான் பிடிமானம். அந்தக் கதையாவது நேராகப் போகுமா என்றால் போகாது. முதலில் கடவுள் வாழ்த்து, நபி வாழ்த்து, அரசன் வாழ்த்து, புத்தகம் எழுதிய காரணம். அப்புறம்தான் ஆள் புறப்படுவான். வழியில் பொழுது சாய்ந்தால் அந்த இருட்டை வர்ணிக்கவே நாற்பது வரி. சத்திரத்தில் ஒருவன் கதை சொல்வான், அந்தக் கதைக்குள் ஒருவன் இன்னொரு கதை சொல்வான். அரியலூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் திருச்சி வரைக்கும் கதை சொல்லிக்கொண்டே வருவாரே, அந்த மாதிரி. தாள் கலைந்துவிட்டால், ஒரு பக்கத்தில் யாரோ சாகிறான் என்பது தெரியும், யார் என்பது முந்தின தாளுக்குத்தான் தெரியும் என்றான். பூச்சி ஓட்டைகூட வரிசை சொல்லுமாம், பூச்சி நேராகத் துளைத்துக்கொண்டு போவதால் ஓட்டைகளைப் பொருத்திப் பார்க்கலாமாம். அதையும் நான் அடைத்துவிட்டேன். தேடினாலும் தெரியாதபடி.

அன்று மத்தியானம் சாந்தி கட்டிக்கொடுத்த சோறு அப்படியே இருந்தது. ஒரு வாரம் கழித்துத்தான் பஹ்ராமிடம் சொன்னேன். இரண்டு போட்டோவையும் கொண்டுபோய்க் காட்டினேன். "புதுசை" அவன் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. "பழசை" எடுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்தான். புத்தகத்தை நடுவில் விரித்து வைத்து எடுத்த படம் அது. நான் தொடுவதற்கு முன், வரிசை கெடாமல் இருந்த இரண்டு பக்கம். வலது பக்கத்தின் கடைசி வரிகளை அவன் மெதுவாக வாசித்து அர்த்தம் சொன்னான். வெள்ளம் புரளும் ஆற்றங்கரையில் தபால்காரன் நிற்கிறான். கடிதத்தைத் தலைப்பாகைக்குள் கட்டிக்கொள்கிறான். தண்ணீரில் கால் வைக்கிறான். பக்கம் முடிகிறது. அடியில் பொடிச் சொல், போட்டோவிலும் தெரிந்தது. இடது பக்கம் அதே சொல்லோடு தொடங்குகிறது, சிவப்புத் தலைப்பு: மகன் இறந்த செய்தி தாயிடம் வந்ததும் அவள் அழுததும்.

"போய்விட்டான்," என்று பஹ்ராம் இந்தியில் சொல்லி, லென்ஸைக் கீழே வைத்தான்.

முழுப் புத்தகத்தில் அறுபடாமல் மிச்சமிருந்த ஒரே ஒரு இணைப்பு அந்தப் போட்டோவில் இருந்தது.

5

உடனே ஊருக்குப் போன் போட்டிருக்கவேண்டும். போடவில்லை. அடுத்த லீவில் போனபோது மெஹர் அக்கா வீட்டுத் தெருவுக்குள் நுழையாமல், மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு போனேன். தப்புச் செய்தவனுக்கு ஊரில் தெரு குறைந்துகொண்டே போகும் என்பதை அப்போது தெரிந்துகொண்டேன்.

இந்த நாட்டில் வருஷம் எப்படிப் போகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. காலையில் வேன், சாயங்காலம் வேன். வெள்ளிக்கிழமை மலையாளிக் கடையில் மீன். பள்ளியில் இரண்டாம் மொழி எது என்று ஒரு படிவம் வந்தபோது, பிரெஞ்சு எடுத்தால் மார்க் வரும் என்று கயல் சொன்னாள். வீட்டில்தான் தமிழ் பேசுகிறோமே என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இனியன் இந்தியில் சண்டை போட்டு ஆங்கிலத்தில் அழுகிறான். ஊரில் என் அப்பாவிடம் போனில், "நீ சாப்ட்டியா?" என்று கேட்கிறான். அப்பா அந்தப் பக்கம் சிரிக்கிறார். கொஞ்ச நாளாக அந்தச் சிரிப்பு குறைந்துவருகிறது.

போன வருஷம் லீவில் போனபோது சாந்தி என்னை விடவில்லை. செய்ததைச் சொல்லிவிட்டு வாருங்கள், இல்லாவிட்டால் இதையே பேசிப் பேசி என்னைக் கொல்லாதீர்கள் என்றாள். "பழசு" போட்டோவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அந்த ஒரு இணைப்பையாவது திருப்பிக் கொடுக்கலாம், புத்தகத்தையும் கேட்டு வாங்கிவந்து பஹ்ராமோடு உட்கார்ந்து சரி பண்ணலாம் என்று நினைத்தேன். வீட்டில் போரடிக்கிறது என்று கயலும் கூட வந்தாள். அது என்ன போட்டோ என்று வழியில் கேட்டாள், பஹ்ராம் அதில் வாசித்ததைச் சொன்னேன்.

மெஹர் அக்கா ரிட்டயர் ஆகியிருந்தார். ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார், அடுத்த கண்ணும் மங்கல். பெண்கள் இரண்டு பேரையும் கட்டிக்கொடுத்துவிட்டார். அலமாரியில் என் சிவப்புக் காலிகோ இன்னும் மின்னிக்கொண்டிருந்தது. நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மழை, படங்களைச் செருகியது, வெட்டியது, அடுப்பில் போட்டது வரைக்கும் சொன்னேன்.

அவர் காபி டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

"அன்னிக்கே தெரிஞ்சுடுச்சு தம்பி. வூட்டுக்கு வந்து ரெண்டு நாள் அழுதேன். ஒங்க முதலாளிகிட்ட சொல்லிருந்தா ஒங்களுக்கு வேல போயிருக்கும். புள்ளதாச்சிய வச்சிக்கிட்டு எங்க போவீங்க?"

 மன்னித்துவிடுங்கள் என்ற சொல் மூன்று வருஷமாக வாயில் இருந்தது, அன்றைக்குப் பார்த்து வரவில்லை.

கூட வேலை பார்க்கும் ஈரான்காரர் ஒருவர் பழைய போட்டோவைப் பார்த்திருக்கிறார், புத்தகத்தைக் கொடுத்தால் அவரோடு உட்கார்ந்து சரி பண்ணிக் கொண்டுவருகிறேன் என்றேன். வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டார். எழுந்துபோய் நோட்டுகளை எடுத்துவந்தார். நாலு இல்லை, ஏழு இருந்தன. தாள் தாளாகப் படித்து, தனக்குப் பட்ட வரிசையில் வைத்து, மூன்று வருஷத்தில் கதையை முடித்துவிட்டாராம். கஷ்டமாக இருந்தது ஒரே ஒரு இடம்தான், ஒரு தாய் மகனுக்காக அழுகிற பாட்டு வருகிறது, மகன் யார் என்று பேர் இல்லை என்றார். கதையில் ஊரை விட்டுப் போகிறவர்கள் மூன்று பேர்: தபால்காரன், ஓர் உப்பு வியாபாரி, வேட்டைக்குப் போன ஓர் இளவரசன். நிறைய யோசித்து அந்த அழுகையை உப்பு வியாபாரியின் தாய்க்குக் கொடுத்துவிட்டாராம்.

"அவன் எடையில ஏமாத்துறவன், போனா போறான்னு வுட்டுட்டேன்," என்று சிரித்தார். "தபால்காரன் ஆத்தத் தாண்டி வூட்டுக்கு வந்துட்டான். பாவா அந்தப் பாட்டப் படிக்கிறப்ப என்ன முடிவு சொன்னாருன்னு நெனவு இல்ல, நான் அதுக்குள்ள தூங்கிருவேன். ஆனா அவன் திரும்பி வராம இருந்திருக்க மாட்டான்னு மனசு சொல்லுச்சு. சின்னவ தெனமும் கேப்பா, வந்துட்டானாம்மா, வந்துட்டானாம்மான்னு."

ஏழாம் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, கண் தெரியவில்லை, நீ படிம்மா, கேட்கலாம் என்று கயலிடம் கொடுத்தார். கயல் நோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள். முதல் வரியில் விரலை வைத்தாள். விரல் நகரவில்லை.

"எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது ஆன்ட்டி," என்றாள்.

மெஹர் அக்கா என்னைப் பார்த்தார். பத்து வருஷத்துக்கு முன் அச்சகத்தில் பார்த்த அதே பார்வை. 

நான் வாங்கிப் படித்தேன். தபால்காரன் ஊர் எல்லைக்கு வருகிறான். வாசலில் தாய் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறாள். இவ்வளவு நேரம் எங்கே போனாய் என்று கேட்கிறாள், ஏதோ கடைக்குப் போய் வந்தவனைக் கேட்கிற மாதிரி. அவன் தலைப்பாகையை அவிழ்த்து வைத்துவிட்டுக் கை கால் கழுவப் போகிறான். கதை அதோடு முடிகிறது. குண்டு குண்டான கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லை. 

அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். பிறகுதான் அதைக் கேட்டார்.

"ஒங்க கூட்டாளி ஈரான்காரரு, போட்டோவப் பாத்தாருன்னு சொன்னீங்களே. அதுல எதாச்சும் தெரிஞ்சுச்சா? தபால்காரன் என்ன ஆனான்னு?"

என் கை சட்டைப் பைக்குப் போனது. எடுத்து மேஜை மேல் வைத்தால் போதும். அவருடைய பாவாவின் புத்தகம், அவர் பத்து வருஷமாகத் தேடிய விஷயம், அதைத் தெரிந்துகொள்ள அவரைவிட உரிமை உள்ளவர் யாரும் இல்லை. எனக்கு அதெல்லாம் தெரிந்தே இருந்தது.

"தெரிஞ்சுச்சுங்கக்கா," என்றேன். "வூட்டுக்குத்தான் வந்துட்டானாம்."

அவர் ஏழு நோட்டையும் அடுக்கி மடியில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் பார்த்தார்.  என் பையில் என்ன இருக்கிறது என்று கயலுக்குத் தெரியும், அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் வரும்போது அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

6

அன்றைக்கு நான் செய்தது இரக்கம் என்று சாந்தி சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் தடவை தெரியாமல் வரிசையைக் கலைத்தேன், அதற்கு முட்டாள்தனம் என்று பேர் சொல்லலாம். இரண்டாவது தடவை எல்லாம் தெரிந்துகொண்டு கலைத்தேன். அவர் அழுவதைப் பார்க்க என்னால் முடியாது என்பதுதான் காரணம். எனக்காகத்தான் செய்தேன்.

போன வாரம் அவரிடமிருந்து போன் வந்தது. பெரிய பெண் ஏழு நோட்டையும் கம்ப்யூட்டரில் அடித்துவிட்டாளாம். புத்தகமாகப் போடுகிறார்களாம், அச்சடிப்பது எங்கள் பழைய அச்சகத்தில்தான், முதலாளி மகன் இப்போது ஆப்செட் வைத்திருக்கிறான். பாவாவின் பேரை முதல் பக்கத்தில் போட்டிருக்கிறார்களாம். முன்னுரை மட்டும் பாக்கி. அதில், தாள்கள் வரிசை கலைந்திருந்தன என்றும், கதையின் முடிவு சரிதான் என்று பாரசீகம் தெரிந்த அறிஞர் ஒருவர் மூலப் பிரதியின் போட்டோவைப் பார்த்து உறுதிப்படுத்தினார் என்றும் எழுதியிருக்கிறாராம். வரிசை எப்படிக் கலைந்தது என்று எழுதவில்லை, அதெல்லாம் எதற்குத் தம்பி என்றார்.

"அவரு பேரு வேணும். பேரு போடாம நன்றின்னு மட்டும் போட்டா மரியாதையா இருக்காது."

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் இனிக் கிடைக்காது. தாள் இன்னும் மெஷினில் ஏறவில்லை. ஒரு நிமிஷம் போதும். அக்கா, அந்த அழுகை தபால்காரனின் தாயுடையது என்று சொன்னால் முடிந்தது. நான் பேசாமல் இருந்தேன். லைன் கட்டாகிவிட்டதா என்று கேட்டார். இல்லைங்கக்கா என்றேன்.

"பாவாவுக்குன்னு நான் செஞ்சது இது ஒண்ணுதான் தம்பி. தப்பில்லாம வந்துடணும்."

"பஹ்ராம்," என்றேன்.

அவர் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. முப்பது வருஷம் ஆபரேட்டராக இருந்தவர், எழுதியதைத் திருப்பிச் சொல்லாமல் விடமாட்டார். ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி, அதே பழைய எக்ஸ்சேஞ்ச் குரலில் வாசித்துவிட்டு, "சரியா இருக்கா தம்பி?" என்று கேட்டார்.

"சரியா இருக்குங்கக்கா," என்றேன்.